பிரிந்த பிறகு அன்பும் பொறாமையும் ஒன்றாக வருவது ஏன்?

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், வயதில் எனக்கு மிகவும் சின்னவள், ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடக் காதல் முடிந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அன்று காலையில்தான் அந்தப் பையன் வேறொரு பெண்ணோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான். அவள் என்னிடம் கேட்டது இது: "அவன் நல்லா இருக்கணும்னுதான் அக்கா தினமும் சாமி கும்பிடும்போது வேண்டிக்கிறேன். அது பொய் இல்ல. ஆனா அவன் நல்லா இருக்கறதப் பாத்தா வயிறு எரியுது. இதுல எது நிஜம்?"

இரண்டும் நிஜம் என்று சொன்னேன். ஏன் என்று அப்போது எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். என் பழைய நாட்களையும் திரும்பிப் பார்த்தேன். இன்று அவள் மறுபடி கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

ஆளும் இடமும்

ஒருவரைக் காதலிக்கும்போது நமக்கு இரண்டு கிடைக்கின்றன. ஒன்று அந்த ஆள்: அவருடைய சிரிப்பு, பேச்சு, கோபம், அவர் சாப்பிடும் விதம், எல்லாம் சேர்ந்த ஒரு மனிதர். இன்னொன்று அந்த ஆளிடம் நமக்கென்று இருக்கும் ஒரு இடம். காலையில் முதல் மெசேஜ் நமக்குத்தான் வரும். மேனேஜர் திட்டினால் முதலில் நம்மிடம்தான் சொல்வார். பைக்கில் பின் சீட்டு நம்முடையது. அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவருடைய நண்பர்களுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரியும்.

பிரியும்போது இந்த இரண்டும் போகின்றன. ஆனால் ஒரே வலியாக வருவதால் நாம் ஒன்றுதான் போனதாக நினைத்துக்கொள்கிறோம். அன்பு அந்த ஆளைப் பற்றியது. அது "அவர் எப்படி இருக்கிறாரோ" என்று கவலைப்படும். பொறாமை அந்த இடத்தைப் பற்றியது. அது "அங்கே இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று பார்க்கும். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு வரும் பதில்கள். அதனால் ஒன்று மற்றதைப் பொய்யாக்க முடியாது.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. பிரிவைக் கேட்டவருக்கும் பொறாமை வருகிறது! நானே வேண்டாம் என்று முடித்த உறவு ஒன்று உண்டு. யோசித்து எடுத்த முடிவுதான், இன்றுவரை அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனாலும் ஒன்றரை வருடம் கழித்து, பொதுவான நண்பர் ஒருவர் போட்டிருந்த படத்தில் அவரோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். மழை நாள். அந்தப் பெண் அவருடைய குடையைப் பிடித்திருந்தாள். அந்தக் குடையை வாங்கும்போது நான் கூட இருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஒரு துளியும் ஆசை இல்லை. அப்படியானால் எதற்காக வலித்தது? அந்தக் குடைக்குக் கீழே இருந்த இடம் ஒரு காலத்தில் என்னுடையது. நான் எழுந்து வந்த பிறகும் அது காலியாகவே இருக்கும் என்று உள்ளுக்குள் எங்கோ நம்பியிருக்கிறேன். அந்த நம்பிக்கை எனக்கு இருந்ததே அது உடைந்தபோதுதான் தெரிந்தது.

எனவே இந்த விஷயத்தில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பொறாமை வந்தால் காதல் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள் இல்லை. காதல் பொய் என்றும் பொருள் இல்லை. ஒரு இடம் பறிபோனதை மனசு பதிவு செய்கிறது, அவ்வளவுதான்.

பொறாமை என்ற சொல்

தமிழில் இங்கே ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் வருவதையும் பொறாமை என்கிறோம், பிரிந்த காதலர் வேறொருவரோடு போவதைப் பார்த்து வருவதையும் பொறாமை என்கிறோம். உளவியலில் இவை இரண்டும் வேறு. முதலாவதில் இரண்டு பேர்தான்: அவரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. இரண்டாவதில் மூன்று பேர்: நான், எனக்கு வேண்டியவர், எங்களுக்கு நடுவில் வந்த இன்னொருவர். முதலாவது இல்லாததற்கு ஏங்குவது, இரண்டாவது இருப்பது போய்விடுமோ என்று பதறுவது.

பிரேக்கப்புக்குப் பிறகு வருவது இந்த இரண்டின் கலவை. மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் காப்பாற்ற வேண்டிய உறவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இருந்தது போய்விட்டது என்பதால் பதற்றமாகத் தொடங்குவது, நாள் போகப் போக ஏக்கமாக மாறுகிறது. ஏக்கம் வந்துவிட்டால் ஒப்பிடுவதும் தொடங்கிவிடும். அந்தப் பெண் என்னைவிட அழகா, அவன் என்னைவிட நல்ல வேலையில் இருக்கிறானா என்று இரவு ஒரு மணிக்கு ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான்.

சொல்லின் வேரைப் பார்த்தால் மனம் கொஞ்சம் இளகுகிறது. பொறாமை என்றால் பொறுக்க முடியாமை. ஆற்றாமை என்பது போல அதுவும் ஒரு 'முடியாமை'. கெட்ட எண்ணம் என்ற பொருள் பிறகு வந்து ஏறிக்கொண்டது. "எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று சொல்லக் கூசுபவர்கள் "என்னால் பொறுக்க முடியவில்லை" என்று சொல்லிப் பார்க்கலாம். சொல்வது ஒன்றேதான், ஆனால் குற்றவுணர்வு குறைகிறது.

காதலுக்குள் வரும் பொறாமைக்கு நம் மரபில் தனியாகவே ஒரு சொல் இருக்கிறது: ஊடல். ஐந்திணையில் மருதத்துக்கு உரியது ஊடலும் அது சார்ந்த நிகழ்வுகளும். தலைவன் பரத்தையிடம் போய்விட்டு வருகிறான், தலைவி கதவடைக்கிறாள், பாணனும் தோழியும் நடுவில் தூது நடக்கிறார்கள். அன்பும் கோபமும் ஒரே நெஞ்சில் இருக்கும் என்பதை அந்தக் கவிஞர்கள் ஒரு முரணாகவே நினைக்கவில்லை. ஒரு திணையையே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊடலுக்கு எதிரே ஒருவர் நிற்கிறார். "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்க உரிமை இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறது. பிரேக்கப்புக்குப் பிறகு அந்த உரிமை போய்விடுகிறது. கோபித்துக்கொள்ளலாம், ஆனால் சமாதானம் செய்ய யாரும் வரப்போவதில்லை. பிரிந்த பிறகு வரும் பொறாமையை உரிமை போன ஊடல் என்றுதான் சொல்ல வேண்டும். அது இவ்வளவு கசப்பதற்குக் காரணமும் அதுவே.

மனசுக்குச் செய்தி தாமதமாகத்தான் போகிறது

பிரிவு அறிவுக்கு ஒரே நாளில் புரிந்துவிடும். பிணைப்புக்குப் புரிய மாதங்கள் ஆகும். ஏன் என்று விளக்கியவர்களில் முக்கியமானவர் ஜான் பௌல்பி என்ற பிரிட்டன் மனநல மருத்துவர். அம்மாவைப் பிரிந்து மருத்துவமனையில் இருக்க நேர்ந்த சிறு குழந்தைகளை அவரும் அவருடைய சகாவான ஜேம்ஸ் ராபர்ட்சனும் கவனித்தார்கள். குழந்தை முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்யும், பிறகு சோர்ந்து போகும், கடைசியில் விலகி நிற்கும். அந்த முதல் கட்டத்து அழுகையும் கோபமும் வீண் இல்லை என்றார் பௌல்பி. போனவரைத் திரும்ப வரவழைக்க இயற்கை கொடுத்த வழி அது.

அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வர்த், அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தார். அம்மா சில நிமிடம் அறையை விட்டு வெளியே போவார், பிறகு திரும்பி வருவார். சில குழந்தைகள் ஓடி வந்து தூக்கச் சொல்லி அழுதன, தூக்கியதும் உதைத்துத் தள்ளின. நம் வீடுகளில் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும் அம்மாக்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பேச்சே வராத வயதில், அன்பையும் கோபத்தையும் ஒரே கை காலால் காட்டும் ஒரு உயிர்! அதைப் பார்த்து "இந்தக் குழந்தைக்கு அம்மா மேல் நிஜமான பாசம் இல்லை" என்று யாராவது சொல்வோமா?

பெரியவர்களின் காதலும் இதே பிணைப்பின் தொடர்ச்சிதான் என்று 1987-இல் சிண்டி ஹசானும் ஃபிலிப் ஷேவரும் எழுதினார்கள். டென்வர் நகரத்து நாளிதழ் ஒன்றில் ஒரு கேள்வித்தாளை அச்சிட்டு, வாசகர்கள் அனுப்பிய 620 பதில்களை வைத்து அவர்கள் இதைச் சொன்னார்கள். யாரோடு பிணைந்திருக்கிறோமோ அவர் கண்ணில் படாதபோது தேடுவது, போட்டிக்கு இன்னொருவர் வந்தால் உஷாராவது, இவையெல்லாம் அந்தப் பிணைப்பின் வேலைகள். உறவு முடிந்துவிட்டது என்று நீங்கள் இருவரும் பேசி ஒத்துக்கொண்டாலும், உள்ளே இருக்கும் அந்தக் காவல்காரருக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அவர் பழையபடி வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். பொறாமை என்பது பெரும்பாலும் அந்தக் குரல்.

ஒரு நாளுக்குள் நாலு மனம்

"நேத்து நைட் அவன வெறுத்தேன், காலைல அவன் குட் மார்னிங் மெசேஜ் இல்லாம அழுதேன்" என்று அந்தப் பெண் சொன்னாள். இப்படி மாறி மாறி வருவது பைத்தியக்காரத்தனம் என்று அவள் பயந்துபோயிருந்தாள். இது எவ்வளவு சாதாரணம் என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. டேவிட் ஸ்பாராவும் ராபர்ட் எமரியும், சமீபத்தில் காதல் முறிந்த 58 இளைஞர்களிடம் பேஜர் (அழைப்பு வந்தால் ஒலிக்கும் சின்னக் கருவி) கொடுத்து, 28 நாட்கள் கவனித்தார்கள். பேஜர் அடிக்கும்போதெல்லாம் அந்த நேரத்தில் மனதில் என்ன இருக்கிறது என்று டைரியில் குறிக்க வேண்டும். காதல், கோபம், சோகம், நிம்மதி என்று நான்கையும் அவர்கள் அளந்தார்கள். ஒரே ஆளுக்குள் இவை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. பிரிந்த உடனே வரும் நாட்களில் இந்த ஊசலாட்டம் மிக அதிகம். காலம் போகப் போக அடங்கியது.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் வந்தது, எனக்கு அதுதான் மிகவும் பயன்பட்டது. முன்னாள் காதலரோடு தொடர்பில் இருந்தவர்களுக்குக் காதலும் சோகமும் குறைவது மெதுவாகியது. "ஃப்ரெண்ட்ஸா இருப்போம்" என்று உடனே ஒப்புக்கொள்பவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ரெண்டாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. முதல் சில மாதங்களில் முடியாது என்றுதான் சொல்கிறேன். காயம் ஆறுவதற்கு முன் பக்கை எடுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படி எதிரெதிரான உணர்வுகள் ஒரே பொருள் மேல் இருப்பதற்கு உளவியலில் இருக்கும் பெயர் ஆம்பிவேலன்ஸ். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் பிளாய்லர் 1910-இல் அறிமுகப்படுத்திய சொல். மனச்சிதைவை விளக்குவதற்காகத்தான் அவர் அதைக் கொண்டுவந்தார், ஆனால் பிறகு அது எல்லோருடைய வாழ்க்கைக்கும் பொதுவான சொல்லாகிவிட்டது. அவர் அதை மூன்றாகப் பிரித்தார். உணர்வில் இரண்டு: பிடிக்கிறது, பிடிக்கவில்லை. விருப்பத்தில் இரண்டு: மெசேஜ் அனுப்ப வேண்டும், அனுப்பக் கூடாது. எண்ணத்தில் இரண்டு: அவன் நல்லவன், அவன் ஏமாற்றுக்காரன். உங்களை எது படுத்துகிறது என்று இந்த மூன்றில் பொருத்திப் பார்த்தால் குழப்பம் கொஞ்சம் தெளியும். என் அனுபவத்தில், உணர்வில் இரண்டு இருப்பதை விட்டுவிடலாம், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. விருப்பத்தில் இருக்கும் இரண்டுதான் ஆபத்தான நேரங்களைக் கொண்டுவரும்.

வயிறு எரிவதும், ஃபோனை எடுப்பதும்

வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று நாம் சொல்வது வெறும் உவமை இல்லை போலிருக்கிறது. 2011-இல் ஈதன் கிராஸ் குழுவினர், காதல் முறிந்த 40 பேருக்கு முன்னாள் காதலரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். கையில் சூடு வைத்தால் வேலை செய்யும் பகுதிகள் சில, இந்தப் படத்தைப் பார்த்தபோதும் வேலை செய்தன. அப்புறம் 2014-இல் வேறு ஒரு குழு நுணுக்கமாகப் பார்த்தபோது, பகுதிகள் ஒன்றாக இருந்தாலும் அவற்றுக்குள் நடப்பது வேறு வேறு என்று தெரிந்தது. ஆகவே காதல் தோல்வியும் தீக்காயமும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள் என்று சொல்லலாம்.

ஹெலன் ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராக விஷயத்துக்கு வருகிறது. கைவிடப்பட்டும் இன்னும் காதலித்துக்கொண்டிருந்த 15 பேரை ஸ்கேன் செய்தார்கள். காதலரின் முகத்தைப் பார்த்தபோது வெகுமதிக்கும் ஏக்கத்துக்கும் உரிய பகுதிகள் விழித்துக்கொண்டன. போதைப்பொருள் ஏக்கத்தில் ஈடுபடும் பகுதிகளும் அவற்றில் சேரும். அதாவது, "ஒரே ஒரு தடவை டிபி மட்டும் பார்த்துட்டு வெச்சுடறேன்" என்று சொல்லும் கைக்கும், "ஒரே ஒரு சிகரெட்" என்று சொல்லும் கைக்கும் உறவு இருக்கிறது.

ஃபோன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். பழைய காலத்தில் ஒருவரைப் பிரிந்தால் அவர் என்ன செய்கிறார் என்று தெரிய ஊரில் யாராவது வந்து சொல்ல வேண்டும். இப்போது லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ், ஸ்டோரி, அவருடைய தங்கை போடும் ரீல்ஸ், யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் கைக்குள் இருக்கின்றன. பத்து முறை பார்த்தால் ஒன்பது முறை எதுவும் இருக்காது, பத்தாவது முறை ஒரு படம் இருக்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைப்பதுதான் ஒரு பழக்கத்தை மிகக் கெட்டியாக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளிலேயே காட்டிவிட்டார். 2012-இல் பிரிட்டனில் டாரா மார்ஷல் 464 பேரிடம் ஃபேஸ்புக் பழக்கத்தைக் கேட்டார். முன்னாள் காதலரின் பக்கத்தை அதிகம் நோட்டம் விட்டவர்களுக்கு வேதனையும் ஏக்கமும் அதிகமாக இருந்தன, மனம் தேறி முன்னேறுவது குறைவாக இருந்தது. வேதனை இருப்பவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்களா, பார்ப்பதால் வேதனையா என்று அந்த ஆய்வை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிளாக் செய்வது அவரை அவமதிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். "பிளாக் பண்ணா நான் இன்னும் மறக்கலைன்னு தெரிஞ்சிடுமே" என்று தயங்குகிறார்கள். தெரிந்தால் தெரியட்டுமே. மறக்கவில்லை என்பதுதானே உண்மை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிளாக் செய்ய மனம் வரவில்லை என்றால் மியூட் செய்யலாம், பொது நண்பர்களையும் சேர்த்து.

துக்கம் விசாரிக்க யாரும் வராத துக்கம்

நம் ஊரில் இந்தக் கலவை உணர்வு இன்னும் கனமாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல காதல்கள் இங்கே சண்டையில் முடிவதில்லை. சாதி, ஜாதகம், "அப்பாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம்" என்ற ஒரு வரி, தங்கையின் கல்யாணம் என்று வெளியிலிருந்து வரும் காரணங்களால் முடிகின்றன. இருவருக்கும் நடுவில் அன்பு அப்படியே இருக்கிறது, வெறுக்க ஒரு காரணமும் இல்லை. அப்புறம் தை பிறக்கிறது, வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. பத்திரிகையில் இருக்கும் அந்த இன்னொரு பெயர், நீங்கள் ஆறு வருடம் காத்திருந்து அடைய முடியாத இடத்தை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பெண் பார்க்க வந்து அடைந்துவிட்டது. அந்த மாப்பிள்ளையோ மணப்பெண்ணோ உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, உங்கள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. கோபப்பட வேண்டியவர்கள் மேல் கோபப்பட முடியாதபோது, அது கைக்கு எட்டும் அந்தப் புது ஆள் மேல் பொறாமையாகப் போய் விழுகிறது.

இதைச் சொல்லி அழவும் இடம் இல்லை. வீட்டுக்குத் தெரியாத காதல் வீட்டுக்குத் தெரியாமலேயே முடிந்திருக்கும். சாவு வீட்டில் எல்லோரும் வருகிறார்கள், கையைப் பிடிக்கிறார்கள், பதினாறாம் நாள் வரைக்கும் யாராவது கூட இருக்கிறார்கள். இங்கே மறுநாள் காலையில் எழுந்து தலை வாரி, இட்லி சாப்பிட்டு, வேலைக்குப் போக வேண்டும். "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்டால் "தலைவலி" என்று சொல்ல வேண்டும். சமூகம் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத இந்த வகைத் துக்கத்தைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1980களின் கடைசியிலேயே எழுதியிருக்கிறார். அங்கீகாரம் இல்லாத துக்கம் சீக்கிரம் ஆறுவதில்லை. அதற்குப் போக வேறு வழி இல்லாததால் சந்தேகமாகவும் எரிச்சலாகவும் பொறாமையாகவும் வேஷம் மாற்றிக்கொண்டு வெளியே வருகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. நீண்ட நாள் உறவில் நம் பழக்கம், ரசனை, எதிர்காலத் திட்டம் எல்லாம் இன்னொருவரோடு பின்னிப்போயிருக்கும். பிரிந்த பிறகு "நான் யார்" என்பதே மங்கிப்போவதாக 2010-இல் எரிகா ஸ்லாட்டர் குழுவினர் காட்டினார்கள். அந்த நேரத்தில் அவருடைய புது ஆளைப் பார்க்கும்போது, "அது நானாக இருந்திருக்க வேண்டியது" என்று தோன்றுவது இயல்புதான். அந்தப் புது ஆள் மேல் வருவதில் பாதி, தொலைந்துபோன நம்மையே தேடுவதுதான்.

அந்த இரவில் என்ன செய்வது

"மறந்துடு", "மூவ் ஆன் பண்ணு" என்று சொல்பவர்களை மன்னித்துவிடுங்கள், ஆனால் கேட்காதீர்கள். 1987-இல் டேனியல் வெக்னர் ஒரு சோதனையில் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்றார். நினைப்பை அவர்களால் முழுதாக அடக்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்கள்தான் அதிகம் நினைத்தார்கள். அடக்குவதற்குப் பதில் பிரித்துப் பார்ப்பதுதான் எனக்கு உதவியது.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் "ஆள்", மறுபக்கம் "இடம்". மனதில் வருவதையெல்லாம் எது எங்கே போகிறதோ அங்கே எழுதுங்கள். "அவனுக்கு அடிக்கடி ஜுரம் வரும், யார் பார்த்துக்கிறாங்களோ" என்பது ஆள் பக்கம் போகும். "என்னை இப்படி ஒரு தடவைகூட பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல, அவளைக் கூட்டிட்டுப் போயிருக்கான்" என்பது இடம் பக்கம். என்னுடைய தாளில் இடம் பக்கம் நிரம்பி வழிந்தது. ஆள் பக்கம் நான்கு வரி. அதைப் பார்த்த பிறகுதான் நான் எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. உங்கள் தாளில் வேறு மாதிரி வரலாம்.

திரும்பப் போய்ச் சேர்ந்துவிடலாமா என்று தவிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. அவருக்குப் புதிதாக யாரும் இல்லை, தனியாக, நிம்மதியாக இருக்கிறார் என்று இன்று உறுதியாகத் தெரிந்தால், அப்போதும் திரும்பப் போக வேண்டும் என்று தோன்றுமா? தோன்றும் என்றால் அது அன்பின் பக்கத்திலிருந்து வருகிறது, நிதானமாக யோசிக்கலாம். அப்படித் தெரிந்த நிமிடமே மனம் அமைதியாகிவிட்டால், உங்களுக்கு வேண்டியது அவர் இல்லை. அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக ஒரு உறவைத் திரும்பத் தொடங்கினால் இருவருக்கும் இரண்டாவது முறை வலிக்கும். என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. மூன்று மாதத்தில் மறுபடி பிரிந்தார்கள், இந்த முறை மரியாதையும் போயிற்று.

பொறாமை உச்சத்தில் இருக்கும்போது எதையும் அனுப்பாதீர்கள். எழுதுங்கள், நோட்ஸில் சேமித்து வையுங்கள், காலையில் படியுங்கள். பெரும்பாலும் அனுப்பத் தோன்றாது. அனுப்பியே ஆக வேண்டும் என்று காலையிலும் தோன்றினால், நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் படித்துக் காட்டுங்கள்.

இங்கே ஒரு கோடு இருக்கிறது, அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பொறாமை வருவது தப்பே இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி அவரைப் பின்தொடர்வது, புது ஆளுக்கு ஃபோன் செய்வது, பழைய படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் குற்றம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதும் நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியவை. நம் செய்தித்தாள்களில் "காதல் தகராறு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடும் கொலைகளும் ஆசிட் வீச்சுகளும், "எனக்குக் கிடைக்காத இடம் யாருக்கும் கிடைக்கக் கூடாது" என்ற ஒரு எண்ணத்தில்தான் தொடங்குகின்றன. அதை அளவுக்கு மீறிய காதல் என்று சொல்லாதீர்கள். அதில் அந்த ஆள் மேல் அக்கறை என்று எதுவுமே இல்லை. மறுபக்கத்தில் இருந்து இப்படி யாராவது உங்களைத் தொந்தரவு செய்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், இணையத்தில் நடந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லை, வேலை ஓடவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், இதைத் தனியாகத் தாங்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். "காதல் தோல்விக்கெல்லாமா ஃபோன் பண்றது?" என்று நினைக்காதீர்கள். ஆமாம், இதற்கும்தான்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

உங்கள் தோழிக்கோ தம்பிக்கோ இது நடந்திருந்தால், அவர்களுடைய எக்ஸைத் திட்டாதீர்கள். நேற்றுவரை காதலித்தவரைத் திட்டினால் அவர்களுடைய அன்புப் பக்கம் புண்படும். மறுநாள் அவரை அவர்களே திட்டும்போது அதற்கு மறுப்புச் சொல்லாமல் இருங்கள். செய்தி கொண்டுபோகாதீர்கள். "அவன நேத்து தியேட்டர்ல பாத்தேன்" என்று நீங்கள் யதார்த்தமாகச் சொல்வது அவர்களுடைய ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பெண்ணிடம் அன்றைக்கு "இரண்டும் நிஜம்" என்று சொன்னதற்கு மேல் என்னால் ஒன்றும் விளக்க முடியவில்லை. அதனால் அவளுடைய டிபன் பாக்ஸை நானே திறந்தேன். தயிர் சாதம். பாதிப் பாதி சாப்பிட்டோம். அவன் எப்படி முதலில் பேசினான் என்ற கதையைச் சொன்னாள். அதற்கடுத்த வாரமும் அதே கதையைச் சொன்னாள், அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சின்ன விஷயம் கூடுதலாக வரும், ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.